விசில் என் கழுத்தில் கிடந்தது

அந்த ஆளை வேலைக்கு எடுத்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற்காலத்தில் எங்கள் கல்லூரியில் பலர் அந்தப் பெருமையைத் தங்களுடையதாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். உண்மையில் வாக்களித்தவர்கள் மூன்று பேர். ஒருவன் வேண்டாம் என்றான், ஒருவன் வேண்டும் என்றான். மூன்றாவது கை என்னுடையது.

எண்பதுகள் முடிந்துகொண்டிருந்த காலம். கல்லூரி கிழக்கு லண்டனில் இருந்தது. ஞாயிறு மாலைகளில் தொலைக்காட்சியில் அமெரிக்கன் புட்போல் காட்டத் தொடங்கிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. அதைப் பார்த்துப் பைத்தியம் பிடித்த மாணவர்கள் கல்லூரிக்குக் கல்லூரி அணி தொடங்கினார்கள். எங்கள் கல்லூரியிலும் ஒன்று இருந்தது. புட்போல் என்று பெயரே தவிர, அதில் காலுக்குப் பெரிய வேலை இல்லை. ஒரு பக்கம் முட்டை வடிவப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு முன்னேறப் பார்க்கும், மற்றப் பக்கம் மறிக்கும். நாலு முயற்சிக்குள் பத்து யார் தூரம் முன்னேறாவிட்டால் பந்து மறுபக்கத்துக்குப் போய்விடும். தாக்கும் பக்கத்தில் பந்தை முதலில் வாங்கி எறிகிறவனுக்குக் குவாட்டர்பேக் என்று பெயர். என் கதைக்கு இவ்வளவு தெரிந்தால் போதும். நான் அந்த அணிக்குள் போனபோது எனக்கு இவ்வளவுகூடத் தெரியாது.

என்னை இழுத்துக்கொண்டு போனவன் எங்கள் மேல்மாடித் தம்பி. வால்தம்ஸ்டோவில் நாங்கள் இருந்த வீட்டின் மேல்தளத்தில் அவனுடைய குடும்பம் இருந்தது. என்னைவிட ஒரு வயது இளையவன். ஈர்க்குச்சி போன்ற உடம்பு, ஆனால் பஸ்ஸைத் துரத்திப் பிடிக்கிற ஓட்டம்.

"அக்கா, எங்கடை டீமுக்கு ஒரு செக்ரட்டரி வேணும். இருந்தவன் விட்டிட்டுப் போட்டான்" என்றான் ஒருநாள் ரயிலில்.

"எனக்கு அந்த விளையாட்டைப் பற்றி ஒண்டும் தெரியாதடா."

"எங்களுக்கும் தெரியாது அக்கா. அதுதான் ஒவ்வொரு கிழமையும் தோக்கிறம்."

நான் சம்மதித்ததற்குக் காரணம் விளையாட்டு அல்ல, செக்ரட்டரி என்ற சொல். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போன முதல் ஆள் நான். அப்பா ஊரில் கடலுக்குப் போனவர். அம்மாவின் ஊரில் பெண்பிள்ளைகளைப் படிக்க அனுப்பும் வழக்கம் அவளுடைய காலத்தில் இல்லை. லண்டனுக்கு வந்து அப்பா பேக்கரி ஒன்றில் இரவு ஷிப்ட் செய்தார், அம்மா அலுவலகங்கள் துப்புரவு செய்தாள். அவர்களுடைய மகளுக்கு ஒரு பதவியும், அந்தப் பதவியோடு ஒரு சாவியும் கிடைத்தன. ஹெல்மெட்டுகளும் தோள்கவசங்களும் அடைத்துவைத்திருந்த நிலக்கீழ் அறையின் சாவி. வியர்வை நாற்றத்தில் கண்ணெரியும் அறை அது. இருந்தாலும் சாவியை வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில் வைத்தேன். அப்பா அதை எடுத்துப் பார்த்தார்.

"பெரிய அறையோ?"

"எங்கடை குசினியளவு இருக்கும்."

"சாவி உன்னட்டை மட்டும்தானோ?"

"ஓம், என்னட்டை மட்டும்தான்."

அவருக்கு அது போதுமாக இருந்தது.

மார்கழி மாத நத்தார் விடுமுறை வரை நாங்கள் ஆடிய எல்லா ஆட்டங்களிலும் தோற்றோம். தாக்குதலைக் கேப்டன் பார்த்துக்கொண்டான். சட்டம் படித்த இங்கிலீஷ்காரன், கதவு அகலத் தோள், சிறுவயதிலிருந்து ரக்பி ஆடியவன். தடுப்பைப் பார்த்துக்கொள்ள யாரும் இல்லை. ஆள் பற்றாக்குறையால் கேப்டன் உட்படப் பாதிப்பேர் தாக்கவும் தடுக்கவும் ஆடினார்கள். மறுபக்கத்து மலைகள் உருண்டு வரும்போது எங்களவர்கள் வரிசையாக நின்று நல்லபடி மோதுண்டு விழுவார்கள். ஆகவே தடுப்புக்கென்று ஒரு பயிற்சியாளரை எடுப்பதென்று முடிவாயிற்று. கேப்டனும், விளையாட்டு வீரர்கள் தெரிவுசெய்த தம்பியும், செக்ரட்டரியாகிய நானும் கென்டீனில் உட்கார்ந்து இரண்டு பேரைச் சந்தித்தோம்.

முதலில் வந்தவர் மரியாதையான மனிதர். தேநீர்க் குவளைகளை வீரர்களாக அடுக்கிப் பொறுமையாக விளக்கினார். "இடத்தை விட்டு அசையக் கூடாது. அவர்கள் வரட்டும். பிழை விடும்வரை காத்திருக்க வேண்டும்" என்றார். கேப்டன் தலையாட்டியபடியே இருந்தான்.

இரண்டாவது ஆள் அமெரிக்கர். அந்த நாட்டின் தெற்குப் பக்கம். விமானப்படையில் இங்கே வந்து, இங்கே ஒரு பெண்ணைக் கட்டி, இங்கேயே நின்றுவிட்டவர். பகலில் வீடு வீடாகப் போய் டபுள் கிளேசிங் என்ற இரட்டைக் கண்ணாடி ஜன்னல் விற்றார். அவர் கென்டீனுக்குள் நுழைந்தபோதே மற்ற மேசைகளில் பேச்சு நின்றது. அவ்வளவு பெரிய குரல். உட்கார்ந்ததும் எங்கள் கல்லூரி ஜன்னல்களைப் பார்த்து, "இந்தக் காற்றுக்கு இந்தக் கண்ணாடி போதாது" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "கேளுங்கள், மேடம்" என்றார். அவருடைய ஊரில் எல்லாப் பெண்களையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று பிறகு தெரிந்தது. அன்று எனக்குத் தெரியாது. என் வாழ்க்கையில் என்னை முதன்முதலாக ஒருவர் மேடம் என்று கூப்பிட்டிருக்கிறார், நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"எங்களிடம் ஆட்கள் குறைவு. இருப்பவர்களும் பாரமில்லாதவர்கள். நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன்.

"பாரமில்லாதவன் நின்று காத்திருந்தால் செத்தான்" என்றார். "பாரமானவன் ஓடத் தொடங்கும் முன்பே அவன் மேலே போய் விழ வேண்டும். பிளிட்ஸ், மேடம். பந்து நகர்ந்ததும் நாலு பேர் குவாட்டர்பேக்கைத் தேடிப் போவார்கள் என்று அவன் நினைத்துக்கொண்டிருப்பான். நான் ஆறு பேரை அனுப்புவேன். அது சரிவராவிட்டால் ஏழு பேர்."

"பின்னால் யார் நிற்பார்கள்?" என்றான் கேப்டன்.

"கடவுள்."

கேப்டனுக்கு அது பிடிக்கவில்லை. "அவன் உங்கள் தலைக்கு மேலால் பந்தை எறிந்தால் எங்கள் கதை முடிந்தது" என்றான்.

"எறியக் கை வேண்டுமே. அவனுக்கு அதைத் தூக்க நேரம் கொடுக்கப் போகிறாயா?"

அவர் போன பிறகு நாங்கள் கை உயர்த்தினோம். கேப்டன் முதலாமவருக்கு. தம்பி அமெரிக்கருக்கு. இருவரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு விளையாட்டு தெரியாது. ஆனால் காத்திருப்பது என்றால் என்னவென்று தெரியும். எங்கள் வீடு முழுவதும் காத்திருந்துதான் இந்த நாட்டில் காலூன்றியது, வரிசையில், வாங்குப் பலகையில், கவுன்சில் அலுவலகத்தில். அங்கெல்லாம் எழுந்து போய்க் கேட்டபோது மட்டும்தான் காரியம் நடந்தது. கேட்டது நான். வீட்டில் ஆங்கிலம் தெரிந்த ஒரே ஆள் பதினான்கு வயது நான்தான்.

"அமெரிக்கருக்கு" என்றேன்.

ஆளை நாங்கள் கோச் என்று கூப்பிட்டோம். அவருக்கும் அந்தப் பெயர் பிடித்திருந்தது. தை மாதக் குளிரில், லீ ஆற்றங்கரைத் திடலில், வாரத்துக்கு இரண்டு மாலை அவர் "பிளிட்ஸ், பிளிட்ஸ்" என்று கத்தினார். எங்கள் பெடியள் ஓடினார்கள். மாதக்கணக்காக அடி வாங்கியவர்களுக்கு அடிக்கப் போவது எப்படியென்று யாரோ சொல்லிக்கொடுப்பதே திருவிழா போல இருந்தது. திடலைப் பார்த்துக்கொண்ட கிழவர் மட்டும் வேலியோரம் வந்து, "பிள்ளாய், லண்டனிலே நின்று அந்தச் சொல்லை இப்படிக் கத்த விடாதே, ஜெர்மன்காரன் குண்டு போட்டதற்கும் அதுதான் பெயர், என் வயதுக்காரர் பங்கர் தேடி ஓடுவார்கள்" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

கோச் வந்த பிறகு ஆடிய முதல் ஆட்டத்தில் படுதோல்வி.

அதுவும் விசித்திரமான தோல்வி. பிளிட்ஸ் வேலை செய்தது. ஆறு பேர் பாய்ந்தபோது மறுபக்கத்துக் குவாட்டர்பேக் வெளிறிப்போனான். அவனுடைய கையிலிருந்து பந்து திரும்பத் திரும்பத் தரையில் விழுந்தது. ஆனால் விழுந்த ஒவ்வொரு தடவையும் எங்களவர்கள் அப்படியே நின்றார்கள். நின்று நடுவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அதற்குள் மறுபக்கத்தவன் ஒருவன் குனிந்து பந்தை எடுத்து, ஆளில்லாத மைதானத்தில் தனியே ஓடினான்.

"ஏன் கோயிலில் நிற்கிற மாதிரி நிற்கிறீர்கள்!" என்று கோச் தொப்பியைத் தரையில் அடித்தார். அவருக்கு விளங்கவேயில்லை. பந்து தரையில் கிடக்கும்போது நிற்கிற மனிதர்களை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை.

திரும்பி வரும் வான் வண்டியில் கேப்டனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கால்முட்டியில் ஐஸ் வைத்துக்கொண்டிருந்தான்.

"நீ ஏன் நின்றாய்?"

"பந்து விழுந்துவிட்டதே."

"விழுந்தால்?"

"விழுந்தால்..." என்றான். ஐஸ் பையை மற்றப் பக்கம் திருப்பினான். "ரக்பியில் பந்து கையிலிருந்து முன்னாலே நழுவினால் விசில் அடித்துவிடுவார்கள். எல்லோரும் நிற்போம். ஏழு வயதிலிருந்து நின்றுகொண்டிருக்கிறேன்."

"இதில் விசில் அடிப்பதில்லையே."

"தெரியும். புத்தகத்தில் படித்திருக்கிறேன். காலுக்குத் தெரியவில்லை."

அங்கே இருந்தவர்களில் முக்கால்வாசிப்பேர் பள்ளியில் ரக்பி ஆடியவர்கள். மற்றவர்கள் அவர்களைப் பார்த்து நின்றவர்கள். கோச் ரக்பியைக் கண்ணால் கண்டதில்லை. கேப்டனுக்கு அது மூச்சு விடுவது போல, தான் செய்கிறோம் என்பதே தெரியாது. இரண்டும் தெரியாத ஒருத்தி எல்லைக்கோட்டில் நின்றதால்தான் அது கண்ணில் பட்டது. இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. கண்டுபிடித்தது நான்.

ஆனால் அதைக் கோச்சிடம் சொல்ல நேரம் கிடைக்கும் முன் மாணவர் யூனியன் கூப்பிட்டது. யூனியன் தலைவி கூர்மையான பெண், நியாயமாகப் பேசுகிறவள். அதுதான் சிக்கல். "ஒரு ஆட்டமும் வென்றதில்லை. ஹொக்கி ஆடும் பெண்களுக்குத் திடல் கிடைப்பதில்லை. உங்கள் புதிய பயிற்சியாளர் எதிரணியைப் பார்த்து உறுமுகிறாராம். இந்த அணி எதற்கு?" என்று கேட்டாள். மேசையைச் சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். கேப்டன் எதையோ சொல்லத் தொடங்கி நிறுத்தினான். கோச்சை அனுப்பிவிடுகிறோம், எங்களை விட்டுவிடுங்கள் என்று சொல்லப்போகிறான் என்று எனக்குப் பட்டது.

நான் எழுந்து நின்றேன். "இன்னும் மூன்று ஆட்டம் இருக்கிறது. அதில் ஒன்றையாவது வெல்வோம்" என்றேன். "வெல்லாவிட்டால் அடுத்த நாள் காலையிலேயே நிலக்கீழ் அறைச் சாவியை நானே கொண்டுவந்து இந்த மேசையில் வைக்கிறேன். நீங்கள் கேட்கத் தேவையில்லை. ஆனால் அதுவரை கோச் இருப்பார்."

"உங்கள் வாக்கா?" என்றாள் தலைவி.

"என் வாக்கு."

வெளியே வந்ததும் தம்பி தலையில் கை வைத்தான். "அக்கா, உங்களுக்கு விசரே? மூண்டு ஆட்டத்திலை ஒண்டை வெல்லுறதோ? எங்கடை டீமோ?"

"நீங்கள் வெல்லாட்டி நான் போய் ஆடுறன்."

"ஆடினாலும் ஆடுவியள்."

அன்றே கோச்சைத் தொலைபேசியில் பிடித்து ரக்பி விஷயத்தைச் சொன்னேன். மறுமுனையிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது பாருங்கள், காதிலிருந்து ரிசீவரைத் தள்ளிப் பிடித்தேன்.

அடுத்த பயிற்சியில் அவர் தன் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி எல்லோருக்கும் முன்னால் என் கழுத்தில் போட்டார்.

"இனி இந்தத் திடலில் விசில் மேடத்திடம். மேடம் ஊதினால் நில்லுங்கள். நான் கத்தினாலும் நிற்கக் கூடாது. பந்து விழுந்தாலும் நிற்கக் கூடாது. வானம் விழுந்தாலும் நிற்கக் கூடாது. நடுவரைப் பார்க்காதீர்கள். சந்தேகம் வந்தால் மேடத்தைப் பாருங்கள்."

அப்படித்தான் தொடங்கியது. பயிற்சியில் நான் வேண்டுமென்றே ஊதமாட்டேன். பந்து விழும், ஆட்கள் ஒருவர் மேலொருவர் குவிவார்கள், அடியிலிருந்து முனகல் வரும், நான் கைகட்டி நிற்பேன். "ஊது, ஊது" என்று கெஞ்சுவார்கள். யாராவது பந்தைத் தூக்கிக்கொண்டு எல்லைவரை ஓடி முடித்த பிறகுதான் ஊதுவேன். கோச்சின் இன்னொரு கட்டளை, நான் கல்லூரியில் போகுமிடமெல்லாம் பந்தும் வர வேண்டும். எங்கே வேண்டுமானாலும் அதை நழுவவிடலாம். தடுப்பாட்டக்காரன் எவன் அருகிலிருந்தாலும் பாய்ந்து பிடிக்க வேண்டும். நூலகப் படிக்கட்டில் விட்டேன். விரிவுரை மண்டபத்தில், பேராசிரியர் பலகைப் பக்கம் திரும்பிய நேரத்தில் விட்டேன். கென்டீன் வரிசையில் விட்டபோது மூன்று தடியன்கள் ஒரே நேரத்தில் மேசைக்கடியில் பாய்ந்தார்கள். அவித்த பட்டாணி மழை பெய்தது. கென்டீன் அம்மா கரண்டியோடு வந்தாள்.

"யார் இந்தப் பந்தைக் கொண்டுவந்தது?"

மேசைக்கடியிலிருந்து கேப்டனின் குரல் வந்தது. "எங்கள் செக்ரட்டரி. அவரிடம் ஒன்றும் சொல்லாதீர்கள், விசில் அவரிடம் இருக்கிறது."

அன்று எனக்குத் தெரிந்தது, கேப்டன் கட்சி மாறிவிட்டான்.

வீட்டில் அம்மாவுக்குத்தான் இதெல்லாம் பிடிக்கவில்லை. ஆட்டங்கள் ஞாயிறு காலையில். நாங்கள் கத்தோலிக்கர்கள், ஞாயிறு பூசை அம்மாவுக்கு உயிர்.

"பூசையை விட்டிட்டுப் பெடியளுக்குத் தண்ணி ஊத்தப் போறியோடி?"

"சனிக்கிழமை பின்னேரப் பூசைக்கு வந்தனான்தானே அம்மா. உங்களுக்குப் பக்கத்திலைதான் இருந்தனான்."

"இருந்தனீ. எழும்ப வேண்டிய இடத்திலை இருந்தனீ, இருக்க வேண்டிய இடத்திலை எழும்பினனீ. கழுத்திலை என்னடி அது, விசிலோ? செபமாலை போட வேண்டிய கழுத்து."

மூன்றில் முதல் ஆட்டம் திடல் உறைந்துபோனதால் நடக்கவில்லை. திரும்ப வைக்க நாளும் இல்லை. இரண்டாவதில் எங்களவர்கள் விழுந்த பந்து இரண்டைப் பாய்ந்து பிடித்தார்கள். ஆனாலும் கடைசி நிமிடத்தில் தோற்றோம். கேப்டன் ஹெல்மெட்டைக் கழற்றாமல் புல்லில் உட்கார்ந்திருந்தான். மிஞ்சியது ஒன்று. தேம்ஸுக்குத் தெற்கே லூயிஷாம் பக்கத்துக் கல்லூரி ஒன்று எங்கள் திடலுக்கு வர இருந்தது. அந்த வருடம் அவர்களை வெல்வது பெரிய அணிகளுக்கே கடினமாக இருந்தது.

அந்தச் சனி இரவு சாப்பாட்டில் கை போகவில்லை. ஷிப்ட்டுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த அப்பா சப்பாத்து மாட்டியபடி கேட்டார்.

"என்ன பிள்ளை, முகம் ஒரு மாதிரி?"

சொன்னேன். வாக்குக் கொடுத்ததையும், சாவியையும், நாளைக்குக் கடைசி ஆட்டம் என்பதையும். அவர் மற்றச் சப்பாத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"உன்ரை சொல்லை நம்பி எத்தினை பேர் நிக்கினம்?"

"முப்பது பேர் அளவிலை."

"எல்லாம் படிச்ச பெடியளோ?"

"ஓம் அப்பா."

"அப்ப நான் வந்து பாக்க வேணும்" என்றார். அம்மா வாயைத் திறந்தாள். "நீ பூசையிலை எங்களுக்கும் சேர்த்து மண்டாடு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வந்தார். பேக்கரியிலிருந்து நேரே, மாப்படிந்த சப்பாத்தோடு, ஒரு கடதாசிப் பை நிறையச் சூடு ஆறாத பாண் உருண்டைகளோடு. கோச்சுக்கு ஒன்று கொடுத்தார். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழியும் இல்லை. கோச் தின்றுவிட்டு, "மேடம், இந்த மனிதர் எங்கள் அணியில் எங்கே ஆடப் போகிறார்?" என்றார். மொழிபெயர்த்தேன்.

"வள்ளத்திலை தண்டு வலிக்கிற ஆள் வேணுமெண்டால் வாறன் எண்டு சொல்லு" என்றார் அப்பா.

ஆட்டம் சேற்றில் தொடங்கியது. தெற்கத்தியர்கள் பாரமானவர்கள், ஆனால் இப்படியான தடுப்பை அவர்கள் பார்த்ததில்லை. நாங்கள் ஆறு பேரை அனுப்பினோம். சில தடவை ஏழு. அவர்களுடைய குவாட்டர்பேக் பந்து கைக்கு வந்ததும் முதலில் பின்னால் திரும்பிப் பார்க்கத் தொடங்கினான். கேப்டன் சொன்னபடி ஒருதடவை அவர்கள் எங்கள் தலைக்கு மேலால் எறிந்தார்கள். அங்கே கடவுள் மட்டும் நின்றார், அவர் மறிக்கவில்லை. புள்ளி போயிற்று. நாங்களும் புள்ளி எடுத்தோம். கடைசிக்கு வரும்போது அவர்கள் இரண்டு புள்ளி முன்னால். பந்தும் அவர்களிடம். இரண்டு நிமிடத்துக்கும் குறைவான நேரம். அவர்கள் இன்னும் ஒரு தடவை பத்து யாரை முடித்துவிட்டால் பந்தை வைத்துக்கொண்டே நேரத்தை ஓட்டிவிடுவார்கள். நாங்கள் அதைத் தொடவே முடியாது.

என் கை சட்டைப்பையில் இருந்தது. சாவி அதற்குள் இருந்தது. திங்கட்கிழமை அந்த மேசைக்கு நடந்து போவது எப்படியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். தலைவி சிரிக்கமாட்டாள். சிரித்தாலாவது பரவாயில்லை.

அவர்களுக்கு இன்னும் ஆறு யார் தூரம் தேவை. எறியத்தான் போகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரிந்தது. கோச் என்னைப் பார்த்தார். அவர் சத்தம் போடாமல் பேசியதை அன்றுதான் கேட்டேன்.

"எட்டுப் பேர்" என்றார்.

எட்டாவது ஆள் தம்பி. மைதான விளிம்பில் நின்று எறிபந்தை மறிப்பதுதான் அவனுடைய வேலை. அவனை ஒருநாளும் முன்னே அனுப்பியதில்லை. கோச் கையால் காட்டினார். தம்பி தன் நெஞ்சைத் தொட்டு, நானோ என்று கேட்டான். கோச் மற்றொரு தடவை காட்டினார்.

பந்து நகர்ந்தது. ஏழு பேர் நேரே மோதினார்கள். மலைகள் அந்த ஏழு பேரையும் தாங்கின. குவாட்டர்பேக்குக்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி. கையைப் பின்னால் கொண்டுபோனான். அவனுக்குப் பின்புறத்திலிருந்து, ஒருவரும் எண்ணாத திசையிலிருந்து, எங்கள் மேல்மாடி ஈர்க்குச்சி பறந்து வந்து அந்தக் கையில் தொங்கியது. கை முன்னே வருவதற்குள் பந்து சேற்றில் விழுந்தது.

எல்லோரும் நின்றார்கள்.

தெற்கத்தியர்களில் விழுந்த குவாட்டர்பேக் தவிர மற்றப் பத்துப் பேரும் நின்றார்கள். அவர்களும் ரக்பிப் பள்ளிகளில் வளர்ந்தவர்கள்தானே. ஒருவன் கையைக்கூட உயர்த்திவிட்டான். நடுவர் ஒன்றும் சொல்லவில்லை. தம்பி குவாட்டர்பேக்கின் அடியில் கிடந்தான். பந்து கேப்டனின் காலுக்கு இரண்டு அடியில் கிடந்தது. கேப்டனும் நின்றான்.

இவ்வளவு பட்டாணி கொட்டியும் ஏழு வயதுக் கால் ஜெயித்துவிட்டதா?

ஆனால் அவன் நடுவர் பக்கம் திரும்பவில்லை. என் பக்கம் திரும்பினான். ஹெல்மெட்டுக் கம்பிகளுக்குள் இரண்டு கண் என்னைத் தேடின. ஆட்ட நாளில் ஊத எனக்கு அதிகாரம் கிடையாது, பழக்கத்தால் விசில் கழுத்தில் கிடந்தது. இரண்டு கையையும் விரித்து மேலே தூக்கினேன். கையில் ஒன்றுமில்லை. வாயில் ஒன்றுமில்லை. விசில் நெஞ்சில் தொங்கிக்கொண்டிருந்தது.

அவன் குனிந்தான். எடுத்தான். ஓடினான்.

அவ்வளவு மெதுவாக ஓடிய மனிதனை நான் பார்த்ததில்லை. சேறு தெறிக்க, பந்தைக் குழந்தையைப் போல இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு, அலமாரி ஒன்று ஓடுவதைப் போல ஓடினான். தெற்கத்தியர்கள் விழித்துக்கொண்டு துரத்தத் தொடங்கினார்கள். கோச் எல்லைக்கோட்டோரம் அவனுக்குச் சமமாக ஓடினார். அவருக்குப் பின்னால் பாண் பையோடு அப்பா ஓடினார்.

"ஓடு மோனை! திரும்பிப் பாராதை! ஓடு!"

கேப்டனுக்குத் தமிழ் தெரியாது. திரும்பிப் பார்க்கவில்லை. எல்லைக்குள் போய் முகம் குப்புற விழுந்தான். அவன் மேல் இரண்டு தெற்கத்தியர்களும், அவர்கள் மேல் எங்கள் அணி முழுவதுமாக விழுந்தார்கள். நடுவர் இரண்டு கையையும் நேரே உயர்த்தினார், எங்களுக்கு ஆறு புள்ளி. அதற்குப் பிறகு நான் ஊதினேன். அதிகாரம் இல்லைதான். மூச்சு முடியும்வரை ஊதினேன்.

சேற்றுக் குவியலிலிருந்து தம்பி ஒரு சப்பாத்தோடு நொண்டிக்கொண்டு வந்தான். "அக்கா, நான் செய்ததை யாராவது கண்டவையோ? எல்லாரும் உவனைத்தான் தூக்கீனம்!"

"நான் கண்டனான்டா."

"எழுதி வையுங்கோ" என்றான். இப்போது எழுதிவிட்டேன்.

பஸ்ஸில் அப்பா எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். இரவு முழுவதும் வேலை செய்த மனிதர், நித்திரை முகத்தில் இல்லை. பையில் மிஞ்சியிருந்த ஒரு பாணை இரண்டாகப் பிய்த்தார்.

"எல்லாம் சரி பிள்ளை. அந்தப் பெரிய பெடியன் உன்னை ஏன் பாத்தவன்?"

"நான் விசில் ஊதுறனோ எண்டு பாத்தவன்."

"நீ என்ன செய்தனீ?"

"ஊதேல்லை."

அவர் மென்றுகொண்டே யோசித்தார். "அவ்வளவு பேரும் நிக்க, நீ சொன்னால்தான் ஓடுவன் எண்டு ஒருத்தன் நிண்டிருக்கிறான்" என்றார். பிறகு வீடு வரும்வரை ஜன்னலால் வெளியே பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தார். வீட்டுப் படியில் அம்மா நின்றாள். அவள் கேட்கும் முன்பே, "உன்ரை மண்டாட்டு வேலை செய்திட்டுது" என்று சொன்னார். அம்மா அந்த வெற்றியில் தன் பங்கை அன்றிலிருந்து விட்டுக்கொடுத்ததில்லை.

திங்கட்கிழமை காலை நான் யூனியன் அலுவலகத்துக்குப் போனேன். யாரும் கூப்பிடவில்லை. தலைவிக்குச் செய்தி முன்பே போயிருந்தது. நாற்காலியைக் காட்டினாள். நான் உட்காரவில்லை.

"வாழ்த்துகள். பிறகு ஏன் வந்தீர்கள்? சாவி கொண்டுவரத் தேவையில்லையே."

"சாவி என்னிடம்தான் இருக்கும்" என்றேன். "வேறு இரண்டு விஷயம். உடை மாற்றும் அறையில் சுடுதண்ணீர் வர வேண்டும். அடுத்த வருடத்துக்கு கோச்சை இப்போதே உறுதி செய்ய வேண்டும், மற்றக் கல்லூரிகள் அவரைத் தேடத் தொடங்கிவிட்டன."

இரண்டாவது உண்மையா என்று அவள் கேட்கவில்லை. உண்மைதான், தெற்கத்தியர்களே ஆட்டம் முடிந்ததும் அவருடைய தொலைபேசி எண்ணை என்னிடம்தான் கேட்டார்கள். நான் கொடுக்கவில்லை.

"ஹொக்கிப் பெண்களுக்குத் திடல்?" என்றாள்.

"வியாழக்கிழமை மாலை எங்களுக்குத் தேவையில்லை. அவர்கள் எடுத்துக்கொள்ளட்டும்."

அவள் பேனாவை எடுத்தாள். நான் வெளியே வந்து, நடையில் எனக்காகக் காத்துநின்ற கேப்டனின் காலடியில் பந்தை நழுவவிட்டேன்.